ஐந்து கணினியிலும் ஒரே பெயர்

ஜூன் 2, திங்கள்

காலையிலிருந்து தூறல். குடை பஸ்ஸில் போய்விட்டது. இந்த வருடத்தில் இரண்டாவது.

இன்றைய பெரிய வேலை: எங்கள் சொப்ட்வெயார் ஒபிஸில் உள்ள ஐந்து கணினிகளிலும் மாற்றங்களின் பதிவு முறையை, புரோகிராம் எழுதும் எடிட்டரோடு இணைத்தது. ஒருவழியாக. இனி யார் எந்த வரியைத் தொட்டாலும் பெயர், நேரம் இரண்டும் நிற்கும். பழையதையும் திரும்ப எடுக்கலாம். இவ்வளவு நாளும் எங்களிடம் இருந்தது ஒரு பொது போல்டர். அதற்குள் ‘பைனல்’, ‘பைனல் புதுசு’, ‘பைனல் புதுசு கலை’, ‘இதுதான் பைனல்’. போன மாதம் நுவன் என் இரண்டு நாள் வேலையின் மேலேயே தன் கோப்பைப் போட்டு மூடினான். அன்று நான் பேசிய சிங்களம் சிங்களவனான அவனே கேட்டிராதது.

செய்தது:
– எடிட்டரின் ஓரத்தில் மூன்று பொத்தான். மாற்றம் பார், பதிவு செய், அனுப்பு.
– போல்டர் படத்தின் மேல் குறி. பச்சை என்றால் அனுப்பியாயிற்று. சிவப்பு என்றால் இன்னும் இல்லை.
– ஒரு வரியில் கேர்சரை வைத்தால் பக்கத்தில் சாம்பல் எழுத்தில் யார் எழுதியது, எத்தனை நாளுக்கு முன்.

என்னிடம் வேலை பழகிய பஸ்மியாவின் மெஷினில்தான் ஆரம்பித்தேன். அதுதான் புதிது. அந்த ஒன்றுக்கே மத்தியானம் ஆகிவிட்டது. மற்ற நாலையும் (என்னுடையது, நுவன், சதுரிகா, முதலாளி சேர்) இப்படியே செய்தால் வியாழன் வரை இழுக்கும். ஆகவே அவள் மெஷினின் செட்டிங்ஸ் முழுவதையும் பென் டிரைவில் எடுத்து நாலிலும் அப்படியே போட்டேன். மூன்றரைக்கு முடிந்தது. ஐந்திலும் ஒரே நிறம், ஒரே எழுத்தளவு, பொத்தான்கள் ஒரே இடத்தில். பார்க்கவே சந்தோசம். ஒழுங்கு விசயத்தில் எனக்குக் கொஞ்சம் பைத்தியம்தான், அம்மா சொல்வது சரி.

பஸ்மியா எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “இனி இந்த ஒபிஸ்ல யாருக்கும் பொய் சொல்ல ஏலாது அக்கா.”

இரவுக்குப் பாண், பருப்பு.

ஜூன் 4, புதன்

வெயில். கீழ்க் கடைவாய்ப் பல் வலி. கிராம்பு வைத்தேன், நாக்கு மரத்ததுதான் மிச்சம்.

பஸ்மியா லீவு. ஹஜ் பெருநாளுக்கு உடுப்பு எடுக்க உம்மாவோடு கண்டிக்குப் போயிருக்கிறாள். அவள் இல்லாவிட்டால் ஒபிஸ் ஊமை.

இன்று:
1. நாவுல ஊர்ப் பக்கத்துக் கிளினிக்கின் லேபிள். மாத்திரை உறையில் ஒட்டுவது. டொக்டர் ஒரு நம்பரை அடித்தால் பட்டியலில் அந்த நம்பருக்கு உள்ள வரி அச்சாகும், நோயாளியின் மொழியில். புதிதாக ‘ஒரு நாள் விட்டு ஒரு நாள்’ வேண்டுமாம். சிங்களத்திலும் இங்கிலீசிலும் சதுரிகா பட்டியலின் அடியில் போட்டுவிட்டாள். தமிழ் நான். அடியில் தொங்கவிட மனம் வரவில்லை. தினமும், ஒரு நாள் விட்டு, கிழமைக்கு ஒருமுறை என்று வரிசையாக வைத்தேன். பத்து நிமிட வேலை. பொத்தான். பச்சை.
2. சேரின் மெஷினில் பிரின்டர் பிடிக்கவில்லை. கேபிள் கழன்றிருந்தது. அவரிடம் சொல்லவில்லை, பெரிய கோளாறு என்று நினைத்துக்கொள்ளட்டும்.
3. பல் டொக்டருக்குப் போன் எடுக்க வேண்டும். (எடுக்கவில்லை.)

ஜூன் 5, வியாழன்

பெருநாளுக்கு முன்பே பஸ்மியா வீட்டில் கிண்டிய தொதல் கொண்டுவந்தாள். பல்லில் ஒட்டி உயிர் போனது. இருந்தும் மூன்று துண்டு.

ஜூலை 22, செவ்வாய்

இடையில் எழுதவில்லை. எழுத ஒன்றும் இருக்கவில்லை. இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை.

காற்று. ஜன்னல் காலையிலிருந்து அடித்துக்கொண்டே இருந்தது.

பத்து மணிக்குக் கிளினிக்கிலிருந்து சேருக்குப் போன். அவர் எழுந்து நின்றே பேசினார். பிறகு எல்லாரையும் கூப்பிட்டார். நாவுலயிலிருந்து உள்ளே, மிளகாய்த் தோட்டம் செய்கிற ஒரு தமிழ் அம்மா. பெயர் பார்வதி. ஐம்பத்திரண்டு வயது. மூட்டு வாதத்துக்கு மாத்திரை. கிழமைக்கு, அதாவது ஏழு நாளைக்கு, ஒன்றுதான் போட வேண்டும், கூடினால் ரத்தத்தையே கெடுக்கிற மாத்திரை. அவருக்குக் கொடுத்த உறையில் ‘ஒரு நாள் விட்டு ஒரு நாள்’ என்று இருந்திருக்கிறது. உறையில் உள்ளபடியே ஐந்து கிழமை போட்டிருக்கிறார். வாய் முழுக்கப் புண். தண்ணீரும் இறங்கவில்லை. கண்டி ஆஸ்பத்திரியில்.

டொக்டர் அடித்தது சரியான நம்பர். ஏழு. சிங்களத்தில் ஏழாவது வரி கிழமைக்கு ஒருமுறை. இங்கிலீசிலும் அதுவே. தமிழில் மட்டும் ஏழில் ‘ஒரு நாள் விட்டு’, எட்டில் ‘கிழமைக்கு ஒருமுறை’.

சேர் தன் மெஷினில் அந்த வரியில் கேர்சரை வைத்தார். நாங்கள் நாலு பேரும் கதிரைக்குப் பின்னால். சாம்பல் எழுத்து வந்தது. பஸ்மியா, ஏழு கிழமைக்கு முன்.

“இது நீங்க போட்டதா புள்ள?”

“எனக்கு ஞாபகமில்ல சேர்.”

“பேர் இருக்கே.”

அவள் குனிந்து அந்தப் பெயரை வாசித்தாள். இரண்டு தரம் வாசித்தாள். “பேர் ஈக்கிது தான். அப்ப நானாத்தான் இருக்கும் சேர். மெஷின் பொய் சொல்லாதே.”

நான் சொன்னது: “அவசரத்துல யாருக்கும் வரும்.” அந்தப் பட்டியலில் நானும் ஒரு தரம் கை வைத்ததாக ஒரு நினைவு ஓடியது. எப்போது என்று தெரியவில்லை. பெயர் அவளுடையதுதானே என்று நானே அதை அமர்த்திக்கொண்டேன்.

சேர் திரையை அச்சடித்து, கிளினிக்குக்கு எழுதிய கடிதத்தோடு சேர்த்து அனுப்பினார். அவளை வீட்டில் இருக்கச் சொன்னார். அவள் மேசை லாச்சியைத் திறந்து தொழுகைத் துணியையும் கோப்பையையும் எடுத்துக்கொண்டாள். கோப்பையைக் கழுவிவிட்டுத்தான் எடுத்தாள்.

ஜூலை 23, புதன்

அதே காற்று.

லேபிளைத் திருத்தும் வேலை என்னிடம். ‘ஒரு நாள் விட்டு ஒரு நாள்’ வரியை அடிக்கு இறக்கினேன். மூன்று மொழியையும் விரல் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பதிவு, அனுப்பு, பச்சை. சரியாகப் போயிருக்கிறதா என்று கேர்சரை வைத்தேன்.

பஸ்மியா, சற்று முன்.

அவள் இன்று ஒபிஸிலேயே இல்லை. நான் திரும்பி அவள் கதிரையைப் பார்த்தேன், அங்கே இருப்பாள் என்பது மாதிரி.

பென் டிரைவ். செட்டிங்ஸ் என்று நான் அள்ளிக்கொண்டு போனதில் அவள் பெயரும் இருந்திருக்கிறது. பெயர் எங்கே இருக்கிறது என்று தெரியாதவள் இல்லை நான். முதல் நாள் அவள் மெஷினில் அந்தப் பெயரை அடித்ததே நான்தான். மாற்ற வேண்டும் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான். நாலு மணிக்கு முன் முடிந்துவிட்டது என்ற சந்தோசம்.

எல்லாரும் சாப்பிடப் போனபிறகு ஐந்து மெஷினையும் பார்த்தேன். ஐந்திலும் பஸ்மியா. ஏழு கிழமையாக நுவன் எழுதியது பஸ்மியா. சதுரிகா எழுதியது பஸ்மியா. சேர் தொட்டது பஸ்மியா. யாரும் கவனிக்கவில்லை. பச்சை வந்தால் போதும், ஓரத்தில் உள்ளதை யார் வாசிக்கிறார்கள்.

நுவனுக்கும் சதுரிகாவுக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது. சேர் பட்டியலைத் தொடுவதில்லை. மிச்சம் இரண்டு பேர்.

அவளாக இருக்கட்டும் என்று நினைத்தேன். எழுதி வைக்கிறேன், நினைத்தேன். பஸ்ஸில் அரசாங்கக் கச்சேரியைத் தாண்டும் வரை அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஜூலை 24, வியாழன்

முகம் வீங்கியிருக்கிறது. பல். பனடோல் இரண்டு. போடுவதற்கு முன் அட்டையில் உள்ளதை மூன்று தரம் வாசித்தேன்.

‘ஏழு கிழமைக்கு முன்’ என்று சும்மா காட்டுவதைத் திறந்தால் திகதியும் நேரமும் இருக்கும். காலையில் திறக்கவில்லை. பத்துக்குத் திறக்கவில்லை. டீ குடித்தேன், பழைய மெயில்களை அழித்தேன், கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினேன். பதினொன்றேகாலுக்குத் திறந்தேன்.

ஜூன் 4. முற்பகல் 11.40.

ஜூன் 4 என்ன கிழமை, யார் எங்கே இருந்தோம், ஒன்றும் நினைவில்லை. வீட்டுக்கு வந்து கைப்பையைக்கூட வைக்காமல் இந்தக் கொப்பியைப் புரட்டினேன். ஏழெட்டுத் தாள்தான் பின்னால். என் கையெழுத்து. ‘பஸ்மியா லீவு.’ அதற்குக் கீழே, ‘தமிழ் நான்.’ அதற்கும் கீழே, ‘அடியில் தொங்கவிட மனம் வரவில்லை.’

நான்தான்.

நம்பர் பார்த்து அச்சாகும் பட்டியல் என்று அதே பக்கத்தில் நானே எழுதியிருக்கிறேன். அடுத்த வாக்கியத்தில் வரிசையை மாற்றியிருக்கிறேன். அழகுக்கு.

அம்மா கதவைத் தட்டி, பல் எப்படி என்று கேட்டார். பரவாயில்லை என்றேன். எனக்கு என்னையே பிடிக்கவில்லை. நேற்று அவளாக இருக்கட்டும் என்று நினைத்ததற்காக இன்னும் பிடிக்கவில்லை.

ஜூலை 25, வெள்ளி

சேரிடம் சொன்னேன். கொப்பியைக் கொண்டுபோனேன். அந்தப் பக்கத்தை மட்டும் காட்டினேன், பிரின்டர் விசயம் இருந்த இடத்தைக் கையால் மறைத்துக்கொண்டு. இந்த நிலையிலும் அது எனக்கு முக்கியமாக இருந்திருக்கிறது.

அவர் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“இத வேற யாரும் பாத்தாங்களா?”

“இல்ல சேர்.”

“கடிதம் போயிட்டு கலைவாணி. கிளினிக்காரங்க அந்தப் பிரின்டை நோயாளியோட வீட்டு ஆக்களுக்கும் காட்டிட்டாங்க. நாளைக்கு முறைப்பாடு வந்தா அந்தப் பேர்லதான் வரும். இப்ப நாம போய், எங்க மெஷின்ல ஒரு பேரயும் நம்ப ஏலாதுன்னு சொல்றதா?”

“அவ செய்யல சேர்.”

“கம்பியூட்டர் ஒரு பேர் சொல்லுது. நீங்க டயரியைக் காட்டுறீங்க. எத நம்புவாங்க? கொஞ்ச நாள் போகட்டும். புள்ளய நானே திரும்பக் கூப்பிடுறேன். உங்களுக்கும் பிரச்சினை இல்ல.”

‘உங்களுக்கும்’ என்றபோது என் முகத்தைப் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. என் அப்பா செத்தபோது மூன்று நாளும் வீட்டு வாசலில் இருந்தவர். அதனால்தான் உடனே எழுந்து வர முடியவில்லை. சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. என் இடத்துக்கு வந்து ஐந்து மெஷினிலும் பெயர்களைத் திருத்தினேன். நுவனுக்கு நுவன். சதுரிகாவுக்கு சதுரிகா. எனக்கு நான். முன்பு செய்யாத ஐந்து நிமிட வேலை.

பழைய பதிவுகள் அப்படியேதான் இருக்கும். அதை மாற்றக் கூடாது என்பதற்குத்தானே அந்த முறையே.

ஜூலை 27, ஞாயிறு

யட்டவத்த பஸ். சனம் இல்லை. ஒரு பெண் பலாப்பழத்தை சீட்டில் வைத்துவிட்டுத் தான் நின்றுகொண்டு வந்தாள்.

பஸ்மியாவின் வீடு ரோட்டிலிருந்து மேலே. முற்றத்தில் பாய் விரித்துக் கிராம்பு காயப்போட்டிருந்தது. அவள் வாப்பாதான் கதவைத் திறந்தார். கிராம்பு, மிளகு யாவாரம். ஒபிஸுக்கு ஒரு தரம் வந்திருக்கிறார், மகளின் மெஷினைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

“வாங்க மகள். நீங்க தானே எங்கட புள்ளைக்கு வேல பழக்கினது.”

பஸ்மியா மெலிந்திருந்தாள். ஐந்து நாளில் இப்படி மெலிய முடியுமா. டீ கொண்டுவந்தாள். நான் வாயைத் திறப்பதற்கு முன் அவளே சொன்னாள்.

“வியாழக்கெழம நாங்க கண்டிக்குப் போனோம் அக்கா. வாப்பாதான் கூட்டிட்டுப் போனது. தப்பு செஞ்சா ஆளுக்கு முன்னுக்குப் போய் மாப்பு கேக்கணும், அல்லாஹ்க்கிட்ட மட்டும் கேட்டா காணாதுன்னாங்க. அந்தம்மாவுக்குப் பேச ஏல. வாயெல்லாம் புண்ணு. நான் கையப் புடிச்சுக்கிட்டு, என் பேர் பஸ்மியா, நான்தான் அந்த வரிய எழுதினதுன்னேன். என் தலையில கைய வச்சாங்க.”

வியாழன். நான் கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்த நேரம்.

சொன்னேன். பென் டிரைவ், ஐந்து மெஷின், ஜூன் 4, உடுப்பு எடுக்கப் போன நாள். கொப்பியையும் கொடுத்தேன். அவள் வாசிக்கவில்லை, மடியில் வைத்துக்கொண்டாள். கத்துவாள், அழுவாள் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் கேட்டாள்.

“அப்ப எனக்கு ஞாபகம் வந்தது என்ன அக்கா?”

“என்ன ஞாபகம்?”

“ரெண்டு நாள் யோசிச்சு யோசிச்சு எனக்கு ஞாபகம் வந்திச்சு. அந்த வரிய நான் டைப் பண்றது. பக்கத்துல டீ ஈந்திச்சு. மழை பேஞ்சிச்சு. அப்புடியே கண்ணுக்குத் தெரிஞ்சிச்சு. அதாலதான் போய்ச் சொன்னேன்.”

ஜூன் 4 மழை பெய்யவில்லை. ‘வெயில்’ என்று எழுதியிருக்கிறேன். அதைக்கூட அவளிடம் சொல்லவில்லை.

வாப்பா கதவோரம் நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கோபமாகப் பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

“மாப்பு கேட்டது என்ட மகள். குடுத்தது அந்தம்மா. அத இப்ப நான் எங்க கொண்டுபோய் வக்கிறது மகள்? நீங்க போங்க. போய் உங்கட வாயால சொல்லுங்க. எங்கட ஊட்டுல சொன்னா காணாது.”

இறங்கும்போது பஸ்மியா முற்றம் வரை வந்தாள். கிராம்பை மிதித்துவிடாமல் போகச் சொன்னாள்.

ஜூலை 28, திங்கள்

கிளினிக்குக்குக் கடிதம் எழுதினேன். ஒரு பக்கம். ஜூன் 4 பக்கத்தின் போட்டோ பிரதி. என் பெயர், கையெழுத்து. சேரின் மேசையில் ஒன்று வைத்தேன், மற்றதைத் தபாலில் போட்டேன். சேருக்கு வைத்ததில் வேலையை விடுவதாகவும் ஒரு வரி. அவர் வாசித்துவிட்டு, “இவ்வளவு அவசரமா?” என்றார். ஏழு கிழமை ஆயிற்று சேர் என்றேன்.

என் மெஷினை அணைக்கும் முன் எடிட்டரைத் திறந்து பார்த்தேன். எல்லாம் பச்சை.

பல் டொக்டர்: வெள்ளி, நாலரை. (போன் எடுத்தாயிற்று.)

நாளை கண்டிக்குப் போக இருந்தேன். கிளினிக்கில் கேட்டேன், அந்த அம்மாவை சனிக்கிழமையே வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்களாம். மனம் கொஞ்சம் தேறியது. வீட்டுக்கு விட்டார்கள் என்றால் குணம் என்றுதானே அர்த்தம். நாவுல போக வேண்டும். பழம் ஒன்றும் வாங்கக் கூடாது, வாய்ப் புண். இளநீர்.

ஜூலை 29, செவ்வாய்

காலை ஏழு மணி பஸ். நாவுலயில் இறங்கி த்ரீவீல். மடியில் இரண்டு இளநீர்.

உள் ரோட்டில் திரும்பியதும் வெள்ளைக் கொடி. மரத்துக்கு மரம் கயிற்றில் கட்டி, ரோட்டு நெடுக. த்ரீவீல்காரர் வேகத்தைக் குறைத்து, “மல கெதரக்” என்றார். எனக்கு மட்டும் சொன்ன மாதிரி இல்லை, வழக்கமாக எல்லாரும் சொல்வதுதான். செத்த வீடு. வேறு யாராவது இருக்கும் என்று கொடிகள் முடியும் இடம் வரை நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை இரவு போயிருக்கிறார். நான் யட்டவத்தயிலிருந்து வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுத்த இரவு. வீட்டுக்கு விட்டது குணமாகி இல்லை.

இளநீரை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. த்ரீவீலிலேயே விட்டுவிட்டேன்.

பிளாஸ்டிக் கதிரை கொடுத்தார்கள். பிளேன்டீ கொடுத்தார்கள். உள்ளே போய்ப் பார்த்தேன். வாயை வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள். வெளியே வந்து, கணவர் யார் என்று கேட்டேன். மெலிந்த மனிதர், மிளகாய்ச் செடிகளின் பக்கம் தனியாக நின்றார். பக்கத்தில் மகள், முப்பது வயது இருக்கும்.

கிளினிக் லேபிள் செய்த ஒபிஸிலிருந்து வருகிறேன் என்றேன். அவர் உடனே தலையாட்டினார்.

“அந்தப் புள்ள வந்துச்சு ஆஸ்பத்திரிக்கு. அவங்க அப்பாவும் வந்தாரு. ரொம்ப அழுதுச்சு. நாங்க மன்னிச்சிட்டோம்மா, போய்ச் சொல்லுங்க. சின்னப் புள்ளதானே. பார்வதியும் தலையில கைய வச்சிட்டுத்தான் போனா. எங்களுக்கு அதுமேல கோவமில்ல.”

“அந்தப் புள்ள செய்யலங்க,” என்றேன். “நான் செஞ்சது. அது பேர் தவறுதலா விழுந்துட்டு. அதுவும் என்னாலதான்.”

அவருக்கு முதலில் விளங்கவில்லை. இன்னொரு தரம் சொன்னேன். மகளுக்கு விளங்கிவிட்டது. அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத வேண்டாம்.

மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாயில் வரவில்லை. கொடுக்க வேண்டியவர் உள்ளே இருக்கிறார்.

“உங்க பேர் என்னா?” என்றார்.

கலைவாணி என்றேன். முழுப் பெயரைக் கேட்டார். சொன்னேன். மகளிடம் திரும்பி, எழுதிக்கம்மா என்றார். அவள் வீட்டுக்குள் போய் ஒரு பேனையும் கையில் அகப்பட்ட தாளும் கொண்டுவந்தாள். தாள் இல்லை, மாத்திரை உறை. முன்பக்கம் எங்கள் லேபிள். பின்பக்கத்தில் மெதுவாக எழுதினாள். எழுதிவிட்டு, பெயர் சரியாக இருக்கிறதா என்று என்னிடம் காட்டினாள்.

சரி என்றேன்.